செடார் பெட்டியின் முதுகுப்பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய மேசை, அலமாரிகளைத் தேய்த்து வெள்ளை வண்ணம் பூசி வீட்டை நவீனமாக்கும் யோசனைகள் வார இதழ்களில் அடிக்கடி வருகின்றன. ஆஸ்திரேலியாவில் குடியிருக்கும் நம்மவர்களும் அதைப் பார்த்துவிட்டு, ஏலக்கடைகளிலும் கராஜ் விற்பனைகளிலும் மலிவாகக் கிடைக்கும் பழைய இழுப்பறைப் பெட்டிகளை வாங்கிவந்து உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டி 1840களில் சிட்னியில் கையால் செய்த செடார் மரப் பெட்டியாக இருந்தால், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நூற்றெண்பது ஆண்டுகள் தூளாகக் கொட்டிவிடும். பிறகு எவ்வளவு செலவழித்தாலும் அது திரும்பி வராது. தேய்ப்பதற்கு முன்னால், முடிந்தால் வாங்குவதற்கு முன்னாலேயே, எங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு காலனி கால மரச்சாமானின் வயதும் ஊரும் விலையும் அதன் முகத்தில் தெரிவதில்லை. முதுகிலும், அடியிலும், இழுப்பறையின் உட்புறத்திலும்தான் தெரியும். வாங்குபவர்கள் அங்கே பார்ப்பதே இல்லை. கடைக்காரர் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருப்பார், மேலே ஒரு பூச்சாடி இருக்கும், நாம் மேல்பலகையின் பளபளப்பைத் தடவிப் பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்கிவிடுவோம். பூச்சாடியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பெட்டியைச் சுவரைவிட்டு நகர்த்தச் சொல்லுங்கள். நல்ல வியாபாரி தயங்கவே மாட்டார்.

காலனி காலம் என்பது 1788இல் சிட்னியில் குடியேற்றம் தொடங்கியதிலிருந்து 1901இல் ஆறு காலனிகளும் ஒரே நாடானது வரை. சேகரிப்பவர்கள் மனம் வைப்பது பெரும்பாலும் அதன் முதற்பாதியில். அந்தப் பாதியின் மரம் ரெட் செடார். பெயரை வைத்து இதை இமயமலைத் தேவதாருவின் உறவு என்று நினைத்துவிட வேண்டாம். இது வேம்பின் குடும்பம். தாவரவியலில் தூனா சிலியாட்டா. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் சந்தன வேம்பு என்று வழங்குகிறதே, அதே மரம்தான். சிட்னிக்கு வடமேற்கே ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் 1790களில் இதை வெட்டத் தொடங்கினார்கள். பத்தே ஆண்டுகளில் நிலைமை எப்படி ஆனது என்றால், அனுமதியில்லாமல் அங்கே செடார் வெட்டக் கூடாது என்று 1802இல் ஆளுநர் பிலிப் கிட்லி கிங் உத்தரவு போட வேண்டியதாயிற்று. பிறகு வடக்கே ஹன்டர் ஆறு, தெற்கே இலவாரா, இன்னும் தொலைவாக வடக்கே கிளாரன்ஸ், ரிச்மண்ட், ட்வீட் ஆறுகள் என்று வெட்டுபவர்கள் நகர்ந்துகொண்டே போனார்கள். 1840களில் ட்வீட் வரை எட்டிவிட்டார்கள். இலையுதிர்க்கும் மரம் என்பதால் வசந்தத்தில் சிவப்பாகத் துளிர்விடும். பச்சைக் காட்டுக்குள் எந்த மரம் செடார் என்று குன்றின் மேலிருந்தே தெரிந்துவிடும். வெட்டிய கட்டை தண்ணீரில் மிதக்கும், ஆற்றில் விட்டால் துறைமுகம் வரை தானே வந்து சேரும். இந்த இரண்டு குணமும்தான் அதற்கு எமனாயின. தோப்பாக வைத்து வளர்க்கலாம் என்றால் ஒருவகை அந்துப்பூச்சியின் புழு குருத்தைக் குடைந்து மரத்தைக் குட்டையாக்கிவிடுகிறது. அன்றைய அகலத்தில் பலகை கிடைக்க இன்று வழியில்லை. பெட்டியின் பக்கவாட்டு முழுவதும் அரை மீட்டர் அகலத்தில் ஒட்டுப்போடாத ஒரே பலகையாக இருந்தால் அதுவே ஒரு நல்ல அறிகுறி.

இங்கிலாந்து மரச்சாமானைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் குழப்பம் தருவது ஒன்று உண்டு. லண்டனில் மகோகனி விலை உயர்ந்தது. அதை முகத்தில் வெனீராக, அதாவது மெல்லிய மரத்தகடாக ஒட்டி, உள்ளே பைன் மரத்தில் கூடு செய்து, இழுப்பறைகளுக்கு ஓக் போடுவார்கள். சிட்னியில் செடார் ஆற்றில் மிதந்து வந்த மரம். அதனால் முகமும் செடார், உள்ளும் செடார், இழுப்பறையின் பக்கப்பலகையும் அடிப்பலகையும் முதுகும் எல்லாமே செடார். முகத்துக்குத் தடித்த கட்டைப் பலகையே போட்டார்கள். வெனீரை அழகான ரேகைக்காக மட்டும் பயன்படுத்தினார்கள். ஆகவே இழுப்பறையை உருவியதும் உள்ளே ஓக்கோ வெளிறிய பைனோ தெரிந்தால், கடைச்சீட்டில் ஆஸ்திரேலியன் என்று எழுதியிருந்தாலும் அது கப்பலில் வந்த இங்கிலாந்துப் பெட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். மரம் சேர்ந்தாற்போலக் கிடைக்காத இடங்களிலும், நூற்றாண்டின் பின்பாதியிலும், செடார் முகத்துக்குள் பைன் வருவதுண்டு. அதனால் இது முதல் கேள்வி, தீர்ப்பு இதோடு முடிவதில்லை.

செடாரா மகோகனியா என்று எப்படிப் பிரிப்பது? எடை முதலில். செடார் கன மீட்டருக்கு ஏறத்தாழ 450 கிலோதான். பெரிய இழுப்பறையை உருவித் தூக்கினால் எதிர்பார்த்ததைவிட லேசாக இருக்கும். உட்புறத்தில், கண்ணில் படாத இடத்தில், நகத்தால் அழுத்தினால் தடம் விழும். நல்ல மகோகனியில் அவ்வளவு எளிதில் விழாது. பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் குறுக்கு வெட்டு முனையைப் பாருங்கள். செடாரில் ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும், வெளிப்புறம் போகப்போகச் சிறுத்துவிடும். மகோகனியில் துளைகள் ஒரே சீராகப் பரவியிருக்க, வளையத்தைக் காட்டுவது வெளிர் நிற மெல்லிய கோடு. நாள்பட மூடியிருந்த இழுப்பறையைத் திறக்கும்போது செடாரில் மெலிதாக ஓர் இனிப்பு வாசமும் வரும்.

இதில் நம்மவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதே இனம் இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வளர்வதால், மரத்தைச் சோதித்து இது தூனா என்று ஆய்வுக்கூடம் சொன்னாலும் அது ஆஸ்திரேலியாவில் செய்தது என்று ஆகிவிடாது. தொடக்க காலச் சிட்னிக்குக் கல்கத்தாவிலிருந்து சாமான்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. இன்றும் இந்தியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரும் மரச்சாமான்களைக் காலனியல் என்ற ஒரே சொல்லின் கீழ் விற்கிறார்கள். எந்தக் காலனி என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

இனி ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். பரவலாகக் கிடைப்பது 1840 முதல் 1880 வரையிலான செடார் இழுப்பறைப் பெட்டி: உயரமும் அகலமும் சுமார் 1200 மில்லிமீட்டர், ஆழம் 500க்கு மேல், கீழே மூன்று நீள இழுப்பறை, மேலே இரண்டு குட்டை இழுப்பறை அல்லது நடுவில் தொப்பி வைப்பதற்கான ஆழமான ஒன்று, இரு பக்கமும் கடைசல் அரைத்தூண், உருண்டைக் கால். கையில் சின்ன டார்ச், அளவுநாடா, தடிப்பை நுட்பமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் இருந்தால் போதும்.

நடு நீள இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். அடிப்பலகை 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிப்பில் இருக்கும், ஓரங்களை இழைப்புளியால் சரித்து மெலிதாக்கிக் காடியில் (வெட்டிய பள்ளத்தில்) நுழைத்திருப்பார்கள், பின்விளிம்பில் மட்டும் ஆணி அடித்திருக்கும். விரல்நுனியைக் குறுக்காக ஓட்டினால் லேசான அலை தட்டுப்படும். அது கை இழைப்புளியின் தடம். இயந்திரம் இழைத்த பலகையில் அந்த அலை இராது, அல்லது சிறு சிறு படிகளாக ஒரே இடைவெளியில் இருக்கும். டார்ச்சைப் பலகைக்கு மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். குழிக்கு மேலே ஒருவரும் கீழே ஒருவரும் நின்று அறுத்த ரம்பத்தின் தடம் நேர்கோடாக, கொஞ்சம் சாய்ந்து, இடைவெளி முன்னே பின்னே விழுந்திருக்கும். வட்ட ரம்பத்தின் தடம் வில்லாக வளைந்திருக்கும். வளைவுத் தடம் இருந்தால் பெரும்பாலும் அது நூற்றாண்டின் நடுவுக்குப் பிற்பட்ட பலகை. அடிப்பலகைக்கும் முன்பலகைக்கும் நடுவே இடைவெளி திறந்திருந்தால் குறை என்று நினைக்காதீர்கள்; மரம் குறுக்குவாட்டில் சுருங்கிக் காடியைவிட்டு விலகியிருக்கிறது, அவ்வளவுதான். 1850இன் அடிப்பலகை இன்னமும் இம்மி பிசகாமல் காடியில் உட்கார்ந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்து மூலையில் உள்ள டவ்டெயில் மூட்டு, புறா வால்போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பது. கையால் வெட்டியதில் வால்கள் எண்ணிக்கையில் குறைவு, ஒன்றுக்கொன்று அளவு வேறுபடும், நடுவே வரும் ஆப்புகள் மெலிந்து கூராக இருக்கும். உளி எங்கே நிற்க வேண்டும் என்று தச்சர் முள்ளால் இழுத்த கோடு பக்கப்பலகையில் இன்னும் தெரியும். எல்லா வாலும் ஒரே அளவாக வரிசை கட்டி நின்றால் அது இயந்திரம் வெட்டியது, நூற்றாண்டின் கடைசிக் காலம் அல்லது அதற்கும் பின். ஒரு பெட்டியின் ஐந்து இழுப்பறைகளும் ஒரே கையின் வேலையாக இருக்க வேண்டும். நாலில் ஒருவிதமும் ஒன்றில் வேறுவிதமுமாக இருந்தால் அந்த ஒன்று பின்னால் வந்து சேர்ந்தது.

தேய்மானம் பொய் சொல்லாது. இழுப்பறை ஓடி ஓடிப் பக்கப்பலகையின் அடிவிளிம்பு தேய்ந்திருக்கும். அது ஓடும் சட்டத்திலும் அதே ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்க வேண்டும். ஒன்று தேய்ந்து மற்றது புதிதாக இருந்தால் சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். அது நேர்மையான பழுதுபார்ப்புதான், கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். ஆனால் சட்டம் பழையதாக இருக்க இழுப்பறை தேயாமல் இருந்தால் இழுப்பறையே வேறு இடத்திலிருந்து வந்திருக்கிறது.

குமிழ்களைத் திருகிப் பாருங்கள். மூலக் குமிழ் கடைசல் செடார், தண்டில் மரத்திலேயே மரை வெட்டியிருக்கும். இடையில் பித்தளைக் கைப்பிடி போட்டுக் கழற்றியிருந்தால் இழுப்பறை முகத்தின் உட்புறத்தில் அடைத்த துளைகள் தெரியும். பூட்டில் கிரீடமும் வி.ஆர். என்ற எழுத்தும் பொறித்திருந்தால் அது விக்டோரியா அரசியாரின் காலம், 1837க்குப் பிறகு. பூட்டு இங்கிலாந்தில் செய்தது என்பதால் பெட்டியும் அங்கிருந்து வந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பூட்டும் ஆணியும் அன்று கப்பலில்தான் வந்தன. பூட்டைப் பிடித்திருக்கும் திருகாணி ஒன்றைக் கடைக்காரரிடமே கழற்றித் தரச் சொல்லுங்கள். முனை மழுங்கி, தலையில் காடி நடுவைவிட்டு விலகியிருந்தால் அது 1850க்கு முந்தைய வகை. கூர்முனையுள்ள திருகாணி அதற்குப் பிற்பட்டது. கூட்டல் குறித் தலை 1930களுக்கு முன் கிடையாது. ஆணியும் அப்படித்தான்: பட்டையான வெட்டாணி நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு உரியது, உருண்டைக் கம்பியாணி அதன் கடைசி இருபது ஆண்டுகளில் பரவியது. ஓர் ஆணியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், யாரோ எப்போதோ அடித்திருக்கலாம். எல்லா ஆணியும் கம்பியாணி என்றால் அது வேறு கதை.

காலிப்பர் எதற்கு என்றால், மரம் நீளவாட்டில் சுருங்குவதில்லை, குறுக்குவாட்டில்தான் சுருங்கும். உருண்டையாகக் கடைந்த கால் நூற்றைம்பது ஆண்டுகளில் சற்று நீள்வட்டமாகிவிடும். ஒரே இடத்தில் இரு திசையில் அளந்தால் ஒரு மில்லிமீட்டராவது வித்தியாசம் வரும். வட்ட மேசையின் மேற்பலகையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்: ரேகை ஓடும் திசையில் 1220 இருந்தால் குறுக்கே அதைவிடச் சில மில்லிமீட்டர் குறையும். இரண்டு அளவும் ஒன்றாக இருக்கும் பழைய வட்ட மேசையை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

போலி என்று சொல்லும்போது முழுப் போலி குறைவு. அதிகம் நடப்பது ஜோடி சேர்ப்பதும் வெட்டிக் குறைப்பதும். புத்தக அலமாரியின் கீழ்ப்பாதி ஓரிடம், மேற்பாதி ஓரிடம். இரண்டையும் பிரித்து முதுகுப் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தடிப்பு, நிறம், ஆணி, ரம்பத்தடம் பொருந்த வேண்டும். மேற்பாதி மறைக்கும் இடத்தில் கீழ்ப்பாதியின் மேல்பலகைக்குப் பாலிஷ் போட்டிருந்தால், அது ஒருகாலத்தில் தனியாக நின்ற பெட்டி. செடார் மென்மையான மரம் என்பதால் நாற்காலிகள் இருக்கைச் சட்டத்தில் முறியும். ஒரே தொகுப்பாக ஆறோ எட்டோ கிடைத்தால் விலை ஏறும், அதனால் நாலு நாற்காலியின் பாகங்களைப் பிரித்துப் புது மரம் கலந்து ஆறாக்கும் வழக்கமும் உண்டு. ஒவ்வொன்றையும் கவிழ்த்து இருக்கைச் சட்டத்தின் உட்புறத்தைப் பாருங்கள், கையால் தூக்கி எடையை ஒப்பிடுங்கள். இடித்த பழைய வீடுகளின் கதவு, நிலைச்சட்டம், சுவரடிப் பலகை ஆகியவற்றின் செடாரைக் கொண்டு புதிதாகச் செய்வதும் நடக்கிறது. மரம் உண்மையாகவே பழையது, பொருள் நேற்றையது. தேவையில்லாத இடத்தில் அடைத்த ஆணித்துளை, துளைகளுக்குள் பழைய வெள்ளைப் பெயிண்ட் மிச்சம், அடியிலும் முதுகிலும் ஒரே சீராகப் பூசிய பழுப்புச் சாயம் இவை மூன்றும் காட்டிக்கொடுக்கும். இயற்கையாக முதிர்ந்த அடிப்பலகை சீரான நிறத்தில் இருக்காது. காற்றுப் பட்ட இடம் ஒருவிதம், சட்டம் மறைத்த இடம் ஒருவிதம், கை பட்ட விளிம்பு கறுத்து ஒருவிதம்.

செடாரை மட்டும் பேசினால் டாஸ்மேனியாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அங்கே கறுப்பு வேல இனமான பிளாக்வுட், ரேகைக்காக வெனீராக்கிய மஸ்க் மரம், எல்லாவற்றுக்கும் மேலாக ஹியுவான் பைன். மேற்குக் கரையில் மக்வாரி துறைமுகத்துச் சாரா தீவுக் கைதிகள் 1822 முதல் 1833 வரை அதை வெட்டினார்கள். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் பருக்கும், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் வாழும் மரம். வெண்ணெய் நிறம், சில பலகைகளில் சிறு சிறு கண் போன்ற புள்ளிகள், நூறாண்டு கழித்தும் குறையாத எண்ணெய் வாசம். ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசாப் பள்ளத்தாக்கில் 1840களில் குடியேறிய ஜெர்மானியர்கள் தங்கள் ஊர் வடிவத்திலேயே பைனிலும் ரெட்கம் என்ற யூகலிப்டஸ் மரத்திலும் அலமாரியும் பெட்டியும் செய்தார்கள். டாஸ்மேனியாவின் டெலோரெய்ன் பக்கத்து ஜிம்மி பாசம் நாற்காலியில் கால்கள் இருக்கையைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறிக் கைப்பிடியில் செருகிக்கொள்ளும். அத்தனை எளிமையிலும் அத்தனை உறுதி. இவை தனித்தனி உலகங்கள், தனிக் கடிதங்கள் வேண்டும்.

செய்தவர் பெயர் தெரிந்த பொருட்கள் குறைவு. 1802இல் கைதியாக வந்த அயர்லாந்துக்காரர் லாரன்ஸ் பட்லர், சிட்னி அரசு மாளிகைக்குச் சாமான் செய்த ஆண்ட்ரூ லெனஹன், ஹோபார்ட்டில் ஜோசப் வூலி, மெல்போர்னில் ஜார்ஜ் த்வெய்ட்ஸ் என்று சில பெயர்கள் மதிப்பைப் பல மடங்காக்கும். நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் மக்வாரிக்காக வில்லியம் டெம்பிள், ஜான் வெப்ஸ்டர் என்ற இரு கைதிகள் 1820ஐ ஒட்டிச் செதுக்கிய நாற்காலிகளில் ஒன்று சிட்னி பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1818ஐ ஒட்டி நியூகாசிலில் இயற்கை மாதிரிகளை வைக்கச் செய்த மக்வாரி சேகரிப்புப் பெட்டி நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில். பாரமட்டாவின் பழைய அரசு மாளிகைக்கு ஒரு நாள் போய்வந்தால் கண் பழகிவிடும். நூறு விலைப்பட்டியல் படிப்பதைவிட அது மேல். ஏலப்பட்டியலில் இவர் செய்தது என்பதும், இவர் செய்ததாகக் கருதப்படுகிறது என்பதும், இவர் பாணியில் என்பதும் வேறு வேறு. முதலாவதற்கு முத்திரையோ சீட்டோ ரசீதோ ஆதாரமாகக் கேட்க வேண்டும். மூன்றாவதற்குப் பெயரின் மதிப்பைச் சேர்த்துப் பணம் தரவே கூடாது. விக்டோரியா மாகாணத்தில் 1896ஆம் ஆண்டுச் சட்டம் மரச்சாமான்களில் செய்தவர் முத்திரையைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியத் தொழிலாளர் மட்டும் என்றும் சீனத் தொழிலாளர் என்றும் பொறித்த முத்திரைகளை இன்றும் பார்க்கலாம். சீனத் தச்சர்களை ஒதுக்கி வைக்க வந்த சட்டம் அது. அந்த முத்திரை இருந்தால் பொருள் எவ்வளவு பழைய பாணியில் இருந்தாலும் 1890களுக்கு முற்பட்டதில்லை. சீன முத்திரை உள்ளதை மட்டமாக நினைத்து ஒதுக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூட்டைப் பாருங்கள், வேலை எப்படி என்று அது சொல்லும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண விக்டோரியா காலச் செடார் பெட்டி இப்போது ஏலத்தில் சில நூறு டாலருக்கே போகிறது. 1830க்கு முற்பட்டதும் ஆதாரத்தோடு வருவதும் பல்லாயிரம். ஏலத்தில் சுத்தியல் விழும் விலையோடு கணக்கு முடியாது. வாங்குபவர் கட்டணம் 22 சதவீதமும் அந்தக் கட்டணத்தின்மேல் 10 சதவீத ஜி.எஸ்.டி.யும் என்றால், 1,000 டாலருக்குக் கேட்டது 1,242 ஆகும். ஏற்றி இறக்கும் கூலி தனி. அரக்கைக் கையால் பூசும் பிரெஞ்சு பாலிஷ்காரரின் கூலி பல சமயம் பெட்டியின் விலையைத் தாண்டிவிடும், அதனால் பழைய பாலிஷ் தாங்கும் நிலையில் உள்ளதைக் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவதே லாபம். ஊர் திரும்பும்போது எடுத்துப் போகலாம் என்று எண்ணுபவர்கள், 1986ஆம் ஆண்டின் பண்பாட்டுப் பொருள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருப்பதை அறிந்திருக்க வேண்டும். மதிப்புமிக்க பழம்பொருளை அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது.

மேற்பரப்பு என்ன பாலிஷ் என்று தெரிய, மறைவான இடத்தில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சைச் சில விநாடி வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு; அசையாமல் இருந்தால் பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற இக்காலப் பூச்சு, அதாவது ஏற்கெனவே யாரோ தேய்த்துவிட்டார்கள். சில கடைகள் முழுப்பெட்டியையும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கிப் பெயிண்ட்டை எடுக்கும். இதைவிடக் கொடுமை வேறில்லை. பழைய மூட்டுகள் நிற்பது மாட்டுத்தோலில் காய்ச்சிய வச்சிரப் பசையில். சோடா அதைக் கரைத்துவிடும். நார் கிளம்பிப் பஞ்சுபோல் ஆகும், நிறம் செத்துவிடும், மாதங்கள் கழித்து மூட்டுகளில் வெள்ளை உப்புப் பூக்கும். இந்தப் பூப்பைப் பார்த்தால் பெட்டியை விட்டுவிட்டு வாருங்கள்.

நல்ல பாலிஷ் உள்ளதற்கு உலர்ந்த மெல்லிய துணியும், ஆண்டுக்கு ஒருமுறை மிகக் கொஞ்சம் தேன்மெழுகும் போதும். ஆளிவிதை எண்ணெய் பூச வேண்டாம், ஒட்டிக்கொண்டு தூசியைப் பிடித்துக் காலப்போக்கில் கறுக்கும். சிலிக்கோன் கலந்த ஸ்பிரே ஒருமுறை அடித்தாலும் பிறகு எந்தப் பாலிஷும் சீராகப் பிடிக்காது, மீன்கண் மாதிரி விலகும். ஆடும் மூட்டுக்கு வெள்ளைப் பசையோ எபாக்சியோ ஊற்றாதீர்கள். வச்சிரத்தைச் சுமார் 60 டிகிரிக்குச் சூடாக்கித்தான் ஒட்ட வேண்டும். அது நாளைக்கு வெதுவெதுப்பும் ஈரமும் கொடுத்தால் பிரிந்து வரும். எபாக்சியைப் பிரிக்கப் போனால் மரம்தான் கிழியும். ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்திலும், மேற்கு வெயில் விழும் சன்னலோரத்திலும் செடாரை வைத்தால் பலகை பிளக்கும், சிவப்பு வெளுத்துத் தேன் நிறமாகும்.

உளுத்துளை கண்டால் பயந்துவிட வேண்டாம். ஒன்று இரண்டு மில்லிமீட்டர் துளையிலிருந்து வெளிறிய புதுத் தூள் கொட்டினால்தான் வண்டு உயிரோடு இருக்கிறது. செடாரின் வைரப் பகுதியை அது பெரும்பாலும் தொடாது, வெளிறிய பகுதியைத்தான் தின்னும். பைன் முதுகுப் பலகையும் அடிப்பலகையும்தான் அதற்குப் பிடித்த சாப்பாடு, பிரிஸ்பேன் பக்கம் ஹூப் பைன் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சிறு பொருளைப் பாலித்தீனில் காற்றுப்போகாமல் சுற்றி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் போதும். பெயிண்ட் பூசிய சமையலறை அலமாரி, இறைச்சி வைக்கும் வலைப்பெட்டி போன்றவற்றில் 1970க்கு முந்தைய பெயிண்ட் என்றால் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதை உலர்வாகத் தேய்க்கவே கூடாது.

ஏற்கெனவே பளபளப்பில்லாத சாக் பெயிண்ட் பூசிவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. அடியில் பழைய அரக்கு உடையாமல் இருந்தால் பெயிண்ட் மரத்தின் துளைக்குள் இறங்கியிருக்காது. விவரம் தெரிந்த பாலிஷ்காரர் ஜெல் வகை நீக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுவார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு பூசியிருந்தால் அவராலும் முடியாது. பூசியே ஆக வேண்டும் என்று இருப்பவர்கள் புதுப் பைன் அலமாரி ஒன்றை வாங்கிப் பூசட்டும்.

பெட்டியைச் சுத்தம் செய்யும்போது இழுப்பறையின் அடியிலோ முதுகிலோ பென்சில் எண், சாக்கட்டி எழுத்து, கிழிந்த காகிதச் சீட்டு ஏதேனும் தென்பட்டால் துடைக்காதீர்கள், சுரண்டாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். சாய்வெளிச்சத்தில் நாலைந்து படம் எடுங்கள். அளவுநாடாவை அருகில் வைத்து ஒரு படம் வேண்டும். அந்தப் படங்களைச் சிட்னியில் பழைய நாணயச்சாலையான மின்ட் கட்டடத்திலுள்ள, வீட்டுச் சாமான்களின் வரலாற்றுக்கான கேரலைன் சிம்ப்சன் நூலகத்துக்கோ, உங்கள் மாநில அருங்காட்சியகத்தின் அலங்காரக் கலைப் பிரிவுக்கோ அனுப்பிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
பழைய மரச்சாமான் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்,
சிட்னி